விசாரிக்க வந்தவர் யார் வீட்டு ஆள்?

போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை, உச்சி வெயிலில் கந்தம்மாள் வீட்டு வாசலில் குடையோடு வந்து நின்ற மனிதரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டவர், குடித்த பிறகும் போகாமல் நிலம் எத்தனை, மாடு எத்தனை, கிணற்றில் தண்ணீர் எப்படி என்று வரிசையாகக் கேட்டாரே, அவர்தான்.

அவர் யார் என்று கந்தம்மாளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தாள்.

நாமக்கல் பக்கத்தில் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் ஆள் விட்டு விசாரிப்பது வழக்கம். வருகிறவன் இன்னார் வீட்டு ஆள் என்று சொல்லிக்கொள்ள மாட்டான். மாடு விலைக்கு இருக்கிறதா என்பான், வழி கேட்பான், தண்ணீர் கேட்பான். கண் மட்டும் கட்டுத்தரையை மேய்ந்துகொண்டிருக்கும். மூத்தவள் சௌந்திரத்துக்கு ஓமலூரில் மண்டி வைத்திருக்கும் சென்னியப்பன் வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்ததால், கந்தம்மாள் அப்படி ஓர் ஆளுக்காகத்தான் காத்திருந்தாள்.

சும்மா காத்திருக்கவில்லை. பக்கத்துக் காட்டுக் கந்தவேல் வீட்டிலிருந்து ஆறு மாடுகளை இரவல் ஓட்டி வந்து கட்டியிருந்தாள். கந்தவேலின் மனைவி கழுத்துச் சங்கிலி இவள் கழுத்தில் கிடந்தது. கந்தவேலின் தென்னந்தோப்பைக் கை நீட்டிக் காட்டி, "அதும் நம்மளுதுதானுங்க" என்று வாய் கூசாமல் சொன்னாள். பன்னிரண்டு ஏக்கர் தோட்டம், தன் வெள்ளாடு இரண்டையும் சேர்த்து எட்டு உருப்படி, சொந்தத்தில் இரண்டு லாரி. வந்தவர் மோரும் வாங்கிக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

உள்ளது என்னவென்றால், மூன்று ஏக்கர் மேட்டாங்காடு, வானம் பார்த்த பூமி. மூன்று வருஷமாகத் தண்ணீர் பார்க்காத கிணறு. கணவன் அப்புசாமி ஓட்டும் லாரி யாரோ ஒரு முதலாளியுடையது.

புதன்கிழமை தரகர் வந்து, "ஞாயித்துக்கெழமை பொண்ணுப் பாக்க வாராங்க" என்று சொல்லிவிட்டுப் போனதும், கந்தம்மாள் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அவள் புளுகு அதைவிட ஒரு நாள் கூடவே ஓடியது.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குத் தபால்காரர் வந்தார்.

கடிதம் இளையவள் பாவாயிக்கு. கோயமுத்தூரில் பொறியியல் கடைசி வருஷம் படிக்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள். பாவாயி என்ற பெயரைக் கேட்டுச் சிரித்த கல்லூரி, அவள் எழுதிய கட்டுரை சிங்கப்பூரில் நடக்கும் கம்ப்யூட்டர் மாநாட்டுக்குத் தேர்வான பிறகு சிரிப்பதை நிறுத்திக்கொண்டது. மாணவர்களே கட்டுரை படிக்கும் மாநாடு. அவள் கல்லூரியிலிருந்து போவது அவள் ஒருத்திதான். விமான டிக்கெட்டுக்குப் பணம் கல்லூரியிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு நூற்பாலை முதலாளி பெயரில் நடக்கும் அறக்கட்டளை, வசதியில்லாத மாணவர்கள் இப்படிப்பட்ட மாநாடுகளுக்குப் போகச் செலவு கொடுக்கிறது என்று அவளுடைய புரொபசர்தான் மனு எழுதிப் போடச் சொன்னார்.

பாவாயி உறையைக் கிழித்துப் படித்தாள். இரண்டாவது வரியில் அவள் முகம் மாறியது.

"என்ன சாமி, டிக்கெட்டு வந்துருச்சா?" என்று அடுப்படியிலிருந்தே கேட்டாள் கந்தம்மாள்.

பாவாயி சத்தமாகப் படித்தாள். "எங்கள் அலுவலர் நேரில் வந்து விசாரித்ததில், தங்களுடையது பன்னிரண்டு ஏக்கர் பாசன நிலமும் இரண்டு லாரிகளும் உள்ள வசதியான குடும்பம் எனத் தெரியவருகிறது. ஆகவே பயணச் செலவு வழங்க இயலாது."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"அன்னைக்குக் குடையோட வந்தவரு..." கந்தம்மாள் வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "அவரு மாப்பிள்ளை ஊட்டு ஆளில்லியா?"

"இல்லம்மா. எனக்குப் பணம் குடுக்கலாமா வேண்டாமான்னு பாக்க வந்தவரு. அவருகிட்டப் போயி நீ லாரி ரெண்டுன்னு சொல்லியிருக்கறே!"

"எனக்கென்ன தெரியும்? அந்த மனுசன் வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ கேட்டிருக்கலாமில்ல?"

"பொண்ணப் பெத்தவ அப்படியெல்லாம் கேப்பாளா? கேட்டா என்ன நெனைப்பாங்க?"

கடிதத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது. ஆட்சேபம் இருந்தால் பெற்றோரில் ஒருவர் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கூடும் கமிட்டி முன்னால் நேரில் வந்து சொல்லி, எழுதிக் கொடுக்கலாம். அன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை. வருகிறேனா இல்லையா என்று சிங்கப்பூருக்குப் பாவாயி தந்தி கொடுக்க வேண்டிய கடைசி நாள் திங்கட்கிழமை. அப்புசாமியோ லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போயிருந்தார்.

"அம்மா, கெளம்பு. பன்னெண்டரை பஸ்ஸைப் புடிச்சா போயிடலாம்."

கந்தம்மாள் அசையவில்லை. "நாளன்னைக்கு மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வாராங்க. இன்னைக்கு நான் சேலத்துல போயி, எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க, எல்லாம் பொய்யிங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடட்டுமா? ஏற்கெனவே நாலு எடம் தட்டிப் போச்சு. அவளுக்கு இருவத்தாறு ஆச்சு பாவாயி."

பேசப்பட்டவள் அங்கேயேதான் இருந்தாள். சௌந்திரம் வேலை பார்க்கும் ஜவ்வரிசி ஆலைக்கு அன்றைக்குக் கரண்ட் இல்லாததால் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைக்காக ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். தங்கையின் ஹாஸ்டல் பணம் நான்கு வருஷமாக அவள் ஆலைச் சம்பளத்திலிருந்துதான் போகிறது. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதாலேயே பாவாயிக்கு அது நெஞ்சில் கனக்கும்.

சௌந்திரம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"போயிட்டு வாம்மா."

"நீயுமா?"

"ஆபீசுக் காயிதம் காலு மொளைச்சு ஓமலூருக்கு நடந்தா போவப்போவுது? அங்க நெசத்தச் சொல்லு. ஞாயித்துக்கெழமை இங்க வாரவங்ககிட்ட ஒண்ணும் சொல்லாத. நாலு வருசம் படிக்க வெச்சுப்போட்டுக் கடைசில இப்படி உட்டா, நான் மாவுத் தண்ணில நின்னது எதுக்கு?" என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா இந்த எடமும் போயிருச்சுன்னா என்னால தாங்க முடியாதும்மா. அதையும் சொல்லிப்போடறேன்."

பிறகு எழுந்து வந்து, தாயின் கழுத்திலிருந்த இரவல் சங்கிலியைக் கழற்றினாள். "இதப் போட்டுக்கிட்டுப் போயி ஏழைன்னு சொன்னா எவன் நம்புவான்?"

கந்தம்மாளுக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. பஸ் மல்லூரைத் தாண்டும்போது கேட்டாள். "ஏஞ்சாமி, வந்தவரு மாப்பிள்ளை ஊட்டு ஆளில்லைன்னா, அவங்க ஆளே அனுப்பல. பொறவு எதை நம்பி ஞாயித்துக்கெழமை வாரேன்னாங்க?"

"நம்ம மேல நம்பிக்கையாயிருக்கும்" என்றாள் பாவாயி. அவள் கவனமெல்லாம் டிரைவருக்கு மேலே இருந்த கடிகாரத்தில் இருந்தது.

அஸ்தம்பட்டியில் அந்த அலுவலகத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது மணி இரண்டே முக்கால். முதலில் கண்ணில் பட்டது அந்தக் குடைதான். மூலையில் சாத்தி வைத்திருந்தது. அதற்குப் பக்கத்து மேஜையில் அந்த மனிதர். பெயர் கைலாசம். கந்தம்மாளைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"வாங்கம்மா. அன்னைக்கு மோரு ரொம்ப நல்லாருந்துச்சுங்க."

கந்தம்மாளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "ஏனுங்க, அறக்கட்டளைல இருந்து வாரேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"சொல்லக் கூடாதுன்னு இங்க சட்டமுங்க" என்றார் கைலாசம் பாவமாக. "சொல்லிட்டுப் போனா எந்த ஊட்டுலயும் கஞ்சிப் பானையைத்தான் காட்டறாங்க. மாடி வெச்ச மெத்தை ஊட்டுக்காரங்ககூட அன்னைக்குப் பாத்து ஒழுகற கொட்டாய்ல குந்திக்கறாங்க. அதனாலதான் சொல்லாமப் போறது. பதிமூணு வருசத்துல, இல்லாததை இருக்குதுன்னு சொன்னது நீங்க ஒருத்தருதாங்க."

இரண்டு பக்கமும் மறைத்து விசாரிக்கிற வழக்கம். நடுவில் மாட்டிக்கொண்டது பாவாயியின் சிங்கப்பூர்.

கந்தம்மாள் முகம் கழுவிக்கொண்டு வருவதாகப் பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். வாசலில் ஓர் அம்பாசடர் வந்து நின்றது. தோளில் கட்டம் போட்ட துண்டோடு, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கி, யாரையும் பார்க்காமல் நேரே உள்ளே போனார்.

"இனி ஆரம்பிச்சுருவாங்க" என்றார் கைலாசம். "ஓமலூர்க்காரரு வந்துட்டாரு."

பாவாயி சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "எந்த ஓமலூர்க்காரருங்க?"

"மண்டிக்காரரு, சென்னியப்பன். இந்த வருசந்தான் கமிட்டில சேந்தாரு. பையனுக்குப் பொண்ணுப் பாக்கற அலைச்சலாமுங்க. திங்கக்கெழமை கூட்டத்துக்கே நேரங்கழிச்சுத்தான் வந்தாரு."

ஓமலூரில் சென்னியப்பன் என்ற பெயரில் இரண்டு மண்டிக்காரர்கள், இரண்டு பேருக்கும் கல்யாண வயதில் பையன்கள் இருக்க முடியுமா? இருந்துவிடக் கூடாதா என்று பாவாயி ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டாள். பொறியியல் படித்த மூளை அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

"ஏனுங்க, அம்மா எழுதிக் குடுத்துட்டு வெளியிலயே இருக்கட்டுங்களா? அவங்களுக்கு நாலு பேரு முன்னால பேசிப் பழக்கமில்ல."

"அதெப்படீங்க? கமிட்டி முன்னால வாயால சொல்லோணும். மூணு மெம்பருங்களும் கேட்டுட்டுக் கையெழுத்துப் போடோணும். ஒருத்தரு போடலைன்னாலும் செல்லாதுங்க."

அக்கா மேல் பாவாயிக்குப் பாசம் இல்லை என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். உயிரையே வைத்திருந்தாள். ஆனால் அந்தக் கட்டுரையின் மேலும் உயிரை வைத்திருந்தாள். இரண்டு உயிர் ஒருத்திக்கு இருந்தால் இப்படித்தான் ஒரு நாள் அவஸ்தைப்பட வேண்டியிருக்கும். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா அந்த வாசலைத் தாண்ட மாட்டாள். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவாள்.

கந்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "உள்ளார ஆராரு இருக்காங்க?"

பாவாயி தாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

"கமிட்டிக்காரங்கம்மா. மூணு பேரு."

நடுவில் வெள்ளைத் தலையோடு தலைவர். அவருக்கு வலப்பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர். இடப்பக்கம் கட்டம் போட்ட துண்டுக்காரர். மூன்று பேருக்கும் முன்னால் கைலாசத்தின் ரிப்போர்ட் இருந்தது.

"பயப்படாமச் சொல்லுங்கம்மா" என்றார் தலைவர். "உங்களுக்கு நெலம் எவ்வளவு?"

"மூணு ஏக்கராங்க. மேட்டாங்காடு. மழ பேஞ்சா நெலக்கடல வெதைப்போம். கெணத்துல தண்ணி இல்லீங்க."

"மாடு?"

"இல்லீங்க. வெள்ளாடு ரெண்டு."

"லாரி ரெண்டுன்னு எழுதியிருக்குதே?"

"எங்க ஊட்டுக்காரரு டிரைவருங்க. அந்த லாரியக் கழுவுறதுக்கு வேணா நமக்குப் பாத்தியதை உண்டுங்க."

தலைவர் சிரித்துவிட்டார். கண்ணாடிக்காரரும் சிரித்தார். துண்டுக்காரர் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அப்புறம் ஏம்மா அவர்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

கந்தம்மாளுக்கு அந்தச் சிரிப்பில் தைரியம் வந்துவிட்டது. பாவாயி பயந்ததும் அதற்குத்தான். தைரியம் வந்தால் அம்மா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்துகிறவள் அல்ல.

"மூத்தவளுக்கு எடம் பேசிக்கிட்டு இருக்குதுங்க. ஓமலூர்ப் பக்கம். வெகு பெரிய எடமுங்க. இவரு வந்து மாடு எத்தனைன்னு கேட்டதும், அவங்க ஊட்டு ஆளுன்னு நெனச்சுப்போட்டனுங்க. என்ற புள்ளை தங்கமுங்க. ஜவ்வரிசி ஆலைல மாவுத் தண்ணில நின்னு நின்னு காலெல்லாம் புண்ணு. அந்தச் சம்பளத்துலதாங்க இவ படிச்சா. ஆனா எங்க காட்டக் காட்டுனா எவன் கட்டுவான், சொல்லுங்க? அதான் கந்தவேலு ஊட்டு மாட்டப் புடிச்சுக் கட்டுனேன். தப்புத்தானுங்க."

இப்போதுகூடப் பாவாயி ஓர் இருமல் இருமினால் போதும். ‘அம்மா, போதும்’ என்றால் போதும். வாய் வரவில்லை. வர விடவில்லை என்பதுதான் சரி.

"ஞாயித்துக்கெழமை வாராங்க" என்று கந்தம்மாள் தொடர்ந்தாள். அவள் பார்வை ஒவ்வொருவராகத் தாண்டி, சிரிக்காமல் இருந்த துண்டுக்காரர் மேல் வந்து நின்றது. அவரையே பார்த்துக் கைகூப்பினாள். "இது மட்டும் அவங்க காதுக்குப் போயிருச்சுன்னா என்ற மகளோட பொழப்புப் போச்சுங்க. நீங்க வெளிய சொல்லிப்போடாதீங்க சாமி. உங்களுக்கும் பொண்ணு புள்ளை இருக்குமில்லீங்களா?"

துண்டுக்காரர் பேனா மூடியைத் திருகுவதை நிறுத்தினார். கந்தம்மாளைப் பார்க்கவில்லை. பாவாயியைப் பார்த்தார். பாவாயி தலையைக் குனிந்துகொண்டாள்.

தலைவர் பாவாயியின் பக்கம் திரும்பினார். "சிங்கப்பூர்ல போயி நீ என்னம்மா சொல்லப்போறே? எனக்குப் புரியறாப்பல சொல்லு பாக்கலாம்."

அவள் சொன்னாள். நாமக்கல் லாரி லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறது. திரும்பி வர லோடு கிடைக்காமல் நான்கைந்து நாள் காத்துக் கிடக்கிறது, இல்லாவிட்டால் காலியாக வருகிறது. எந்த ஊரில் எந்த லோடு கிடக்கிறது, எந்த லாரி எங்கே நிற்கிறது என்று கொடுத்துவிட்டால், எதை எதோடு சேர்த்தால் காலி ஓட்டம் குறையும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும். அந்தக் கணக்குக்கான வழியைத்தான் எழுதியிருக்கிறாள். ஆரம்பத்தில் நடுங்கிய குரல் போகப்போக நிமிர்ந்தது. சொல்லி முடிக்கும்வரை வேறு எதுவுமே அவள் நினைவில் இல்லை. தனக்கு இப்படி மறக்க முடிந்தது என்பதை நினைத்துப் பின்னால் அவள் வெட்கப்பட்டாள்.

"கைலாசம், மறு உத்தரவு எழுதுங்க" என்றார் தலைவர்.

கந்தம்மாள் வாக்குமூலத்தில் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். தலைவர் உத்தரவில் கையெழுத்திட்டார். கண்ணாடிக்காரர் போட்டார். காகிதம் இடப்பக்கம் நகர்ந்தது. துண்டுக்காரர் கந்தம்மாளின் வாக்குமூலத்தை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு தடவை படித்தார்.

பிறகு அவரும் கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவுக்கு வந்ததும் கந்தம்மாள் உத்தரவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "போயிட்டு வா சாமி. நீ பறந்து போயிட்டு வா. பஸ் ஸ்டாண்டுல உன்ற அக்காளுக்குப் பூ வாங்கிக்கிட்டுப் போலாம். அவ சொன்னதாலதான் நான் வந்தேன்."

"ஏனுங்கம்மா" என்று பின்னால் குரல் கேட்டது.

துண்டுக்காரர் நின்றிருந்தார். கந்தம்மாள் மறுபடி கும்பிட்டாள். "உங்களுக்குக் கோடிப் புண்ணியமுங்க."

"நான்தானுங்க ஓமலூர் சென்னியப்பன்."

கந்தம்மாளின் கூப்பிய கை அப்படியே நின்றது.

"எங்க ஊட்டுல ஆள் உட்டு விசாரிக்கலீங்க. திங்கக்கெழமை கூட்டத்துல உங்க ரிப்போர்ட்டு என் கைக்கு வந்துச்சு. ஊரு பேரு, உங்க ஊட்டுக்காரரு பேரெல்லாம் பாத்தேன். பன்னெண்டு ஏக்கரான்னு இருந்துச்சு. ஆபீசு ரிப்போர்ட்டு பொய் சொல்லாதுன்னு நம்பி, மக்யா நாளு, செவ்வாக்கெழமையே, தரகருகிட்டச் சொல்லி உட்டேன்."

பஸ்ஸில் கேட்ட சந்தேகத்துக்குக் கந்தம்மாளுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவளுடைய புளுகு சரியான வீட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"சின்னப் புள்ளைக்குக் கையெழுத்துப் போட்டதுல மாத்தமில்லீங்க. அது வேற, இது வேற."

"ஞாயித்துக்கெழமைங்க...?" கந்தம்மாளின் குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

"ஊட்டுல பேசோணுமுங்க" என்றார் சென்னியப்பன். வேறு ஏதோ சொல்ல வந்தவர் போல நின்றார். பிறகு படியிறங்கிப் போய்விட்டார். அம்பாசடர் கிளம்பி ஏற்காடு ரோட்டில் திரும்பி மறையும்வரை தாயும் மகளும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

கந்தம்மாள் மெதுவாகத் திரும்பினாள்.

"உள்ளார ஆரு இருக்காங்கன்னு உன்னக் கேட்டேனே பாவாயி. அப்பவே உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு இன்னொரு பொய்யைக் கூடுதலாகச் சொல்வதில் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் அவளால் முடியவில்லை.

"தெரியும்மா."

கந்தம்மாள் திட்டவில்லை. கையை ஓங்கவில்லை. உத்தரவுக் காகிதத்தை நான்காக மடித்து மகளின் கையில் வைத்தாள்.

"பத்திரமா வெச்சுக்க. உன்ற அக்கா பஸ் நிறுத்தத்துலயே வந்து நிப்பா. என்ன ஆச்சுன்னு கேப்பா. நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."